சீமை வசந்தமும் பதினொரு காலடியும்

அச்சில் ஏறிய எதையும் அப்படியே நம்பிவிடுகிற ஆள் நான். வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பேன். அதையே காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிட்டால் கைகட்டி நின்று தலையாட்டுவேன். ஒருமுறை மழை வரும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததை நம்பி, கொளுத்துகிற வெயிலில் குடையும் மழைச்சட்டையுமாகப் பாலாற்று மணலை நடந்தே கடந்தேன் (எதிரே வந்தவர்கள் பரிதாபப்பட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்). அந்தப் புத்தி அதோடு போயிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் என் கல்யாணமும் நடந்திருக்காது என்பதால் ரொம்பவும் திட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், குமாஸ்தா வேலை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலைக் கட்டுக் கட்டாகச் சீமைக்கு அனுப்புவார்கள். அங்கே வாங்குகிற வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. தினம் பத்துக் கடிதம் எழுதி எழுதி, எனக்கும் லண்டனுக்கும் ஏதோ ஒன்றுவிட்ட சொந்தம் இருப்பதாக ஒரு நினைப்பு வளர்ந்துவிட்டது. ஒருநாள் அங்கிருந்து சில மாதிரித் தோல் துண்டுகள் திரும்பி வந்தன. சுற்றியிருந்த காகிதத்தைக் கசக்கிப் போடாமல் பிரித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சீமைப் பத்திரிகையின் இரண்டு பக்கம். மேலே கொட்டை எழுத்தில், 'வசந்த காலத்தில் ஆடவர் அழகாக உடுத்துவது எப்படி' என்று தலைப்பு.

பங்குனி பிறக்க இன்னும் நாலே நாள். எனக்காகவே கப்பலேறி வந்த கட்டுரை என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெளிர் நிறப் பிளானல் என்கிற மெல்லிய கம்பளித் துணியில் கோட்டும் கால்சட்டையும் வேண்டும் என்றது அது. வசந்தத்தின் காலைக் காற்று சில்லென்று இருக்குமாதலால் உள்ளே கம்பளியில் ஓர் அரைக்கோட்டு அவசியமாம். கழுத்து டை என்ன நிறமோ அதே நிறத்தில் காலுறை. பூட்ஸ் கறுப்பாக இருக்கவே கூடாது, இளம் பழுப்புத்தான். கோட்டின் பொத்தான் துளையில், அந்தந்த ஊரில் அப்போது பூத்திருக்கும் புதுமலர் ஒன்று. இவ்வளவும் அணிந்தவன் எந்த வரவேற்பறையிலும் தைரியமாக நுழையலாம் என்று கட்டுரை முடிந்திருந்தது. 'சில்லென்ற காலைக் காற்று' என்ற வரியைப் படிக்கும்போது என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அந்த வரியின் மேலேயே விழுந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். நான் காகிதத்தைத் துடைத்துவிட்டு மேலே படித்தேன்.

ஏனென்றால், நான் தைரியமாக நுழைய வேண்டிய வரவேற்பறை ஒன்று இருந்தது. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் கார்டு ஆசீர்வாதம் வீட்டுக் கூடம் அது. அவருடைய மகள் சுகிர்தம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலூரில் ஒரு கல்யாணத்தின்போது சர்ச்சில் அவள் பாடியதைக் கேட்டேன். மற்ற எல்லாரும் மேலே பார்த்துப் பாட, அவள் மட்டும் பக்கத்தில் சுருதி தப்பிய பாட்டியம்மாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. கட்டினால் இவளைத்தான் என்று எஸ்தர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லாம் அக்காதான்.

அக்கா விசாரித்துக்கொண்டு வந்தாள். "நல்ல பொண்ணுதான்டா. ஆனா ஏற்கனவே ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்களாம். ரெண்டு பேரையும் அதுதான் வேணாம்னுடுச்சாம். இன்னா காரணம்னு வாயத் தெறக்க மாட்டேங்குதாம்."

காரணம் தெரிந்தாலாவது திருத்திக்கொண்டு போகலாம். இது கேள்வித்தாளே இல்லாத பரீட்சை. ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே துணை அந்த இரண்டு பக்கக் காகிதம்.

வேலூருக்குப் போய்த் துணியெடுத்து ஒரு பாயிடம் தைக்கக் கொடுத்தேன். அவர் கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு தம்பி ஊட்டிக்குப் போறாங்க?" என்றார். எனக்குத்தான் என்றேன். அதன் பிறகு அளவெடுக்கும்போது அவர் என் நெற்றியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பூட்ஸ் விஷயத்தில்தான் என் மூளை உச்சத்துக்குப் போயிற்று. கடையில் போய்ச் சீமை பூட்ஸ் வாங்குவதாவது! எங்கள் ஷாப்பு முழுக்க இளம் பழுப்புத் தோல். ஆம்பூர்த் தோல் லண்டனுக்குப் போய்த் திரும்பித்தான் ஆம்பூர்க்காரன் காலில் ஏற வேண்டுமா? கட்டுரையில் சொன்ன அதே நிறத்தில் ஒரு தோலை வாங்கிக்கொண்டு, பூட்ஸ் தைக்கிற முனுசாமி அண்ணனிடம் போனேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது அரைப் பக்குவம். சீமைல இன்னும் ஏதேதோ பண்ணி முடிப்பாங்க. அப்புறம்தான் பூட்ஸு."

"அவங்க மேல கொஞ்சம் பாலிஷ் போடுவாங்க. அவ்ளோதான் அண்ணே."

"வேர்வை பட்டா சாயம் எறங்கும். ஆணி வேற அடிக்கணும். இரும்பு பட்டா கறுத்துப் போய் மை வுட்டுடும். நான் சொல்லிட்டேன்."

"வசந்த காலத்துல வேர்க்காது அண்ணே" என்றேன். முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் வெள்ளையாய் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

அந்தத் திங்கட்கிழமை பாசஞ்சர் வண்டியில் நானும் அக்காவும் ஏறினோம். கட்டுரை சொன்ன ஒன்றையும் நான் விடவில்லை. வெண்ணெய் நிறத்தில் டை, வெண்ணெய் நிறத்தில் காலுறை. பொத்தான் துளையில் எங்கள் ஊர்ப் புதுமலரான ஆவாரம்பூ. (பூட்ஸிலும் ஆவாரம், கோட்டிலும் ஆவாரம். இந்தப் பொருத்தம் லண்டன்காரனுக்குக் கூடத் தோன்றியிராது என்று பெருமைப்பட்டேன்.) அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாசிலாமணி, பொண்ணு பாக்கப் போறமா, இல்ல நீ எங்கயாவது பேண்டு வாசிக்கப் போறியா?"

வாணியம்பாடி வருவதற்குள் கம்பளி அரைக்கோட்டு உள்ளுக்குள் குளமாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் மேல் இரக்கப்பட்டு விசிறிக்கொண்டே வந்தார். முதுகில் புறப்பட்ட வியர்வை கால்சட்டை வழியாக இறங்கிக் காலுறையைத் தாண்டிப் பூட்ஸில் தேங்கியது. நடந்தால் சளக் சளக் என்றது. ஜோலார்பேட்டையில் இறங்கியதும் ஒரு செவலை நாய் என் காலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்தியோடு பின்னால் வரத் தொடங்கியது. அரைப் பக்குவத் தோலின் வாசனை நாய்களுக்கு எப்படிப்பட்ட விருந்து என்பதைக் கட்டுரை எழுதியவர் குறிப்பிட மறந்திருந்தார்.

கார்டு ஆசீர்வாதம் வாசலிலேயே நின்றிருந்தார். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை உடுப்பு. அவருக்குப் பின்னால், அதைவிட வெள்ளையாக, கூடத்துத் தரை. பத்து நாளைக்கு முன்புதான் ரயில்வே கொத்தனார் பழைய தரையைக் கொத்திவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்புக் காரை போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டுப் போயிருந்தாராம். அந்த வீட்டம்மா ஈஸ்டருக்குப் புதுப்புடவைகூட வாங்கிக்கொள்ளாமல் அந்தத் தரையையே பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்களாம்.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, கால் கழுவிட்டு வாங்க" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள் அந்த அம்மா.

அக்கா கழுவிக்கொண்டாள். கழுவ வேண்டுமானால் காலுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் டைக்குப் பொருத்தம் போய்விடும். நான் வாசலில் பூட்ஸை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, "பரவாயில்லம்மா" என்று ஈரக் காலுறையோடு கூடத்துக்குள் நுழைந்தேன். தைரியமாகத்தான் நுழைந்தேன். பாதி தூரத்தில், உள்வாசலுக்குப் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. அவள்தான் என்று தெரிந்து, வலது காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அக்கா முதுகில் இடித்த பிறகுதான் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து நிமிர்ந்தபோது வீட்டில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் பதினொரு காலடி. முதலில் டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தன. பச்சைச் சுண்ணாம்பு அதை உறிஞ்ச உறிஞ்ச, எங்கள் கண் முன்னாலேயே பழுப்பாகி, கறுப்பாகி, ஐந்து விரலும் எண்ணுகிற மாதிரி துலங்கிவிட்டன. முனுசாமி அண்ணன் சொன்ன மை. பக்கத்தில் இருந்த ஒன்றையாவது மறைக்கலாம் என்று மெல்லக் காலை நீட்டி அதன் மேல் வைத்தேன். எடுத்தபோது அது இன்னும் கறுத்திருந்தது. அந்த அம்மாவுக்கு உதடு துடித்தது. கார்டு ஆசீர்வாதம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார், வாய்விட்டு. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டும் சிரிப்பும் இன்னொருவன் வீட்டுக்குப் போகப் போகிறது.

அப்போது தட்டில் எலுமிச்சம்பழ சர்பத்தோடு சுகிர்தம் வந்தாள். முதல் காலடியைப் பார்த்தாள். தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். பாண்டி ஆடுகிற பெண்ணைப் போலக் கட்டம் கட்டமாகத் தாண்டி, சர்பத் ஒரு சொட்டுச் சிந்தாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"இதெல்லாம் இன்னாதுங்க?"

பொய் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. கட்டுரை, கம்பளி, அரைப் பக்குவத் தோல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். கோட்டுப் பையிலிருந்து ஆதாரமாக அந்தக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல புஸ்தகந்தான். இதுல கால் கழுவச் சொல்லி எங்கயும் எழுதலியா?"

எழுதவில்லைதான். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுந்து காலுறையை உருவிக் கோட்டுப் பையில் திணித்தேன். கோட்டு, அரைக்கோட்டு, டை எல்லாவற்றையும் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பழைய காலடிகளையே மிதித்து வாசலுக்குப் போய்ச் சொம்புத் தண்ணீரில் காலைக் கழுவினேன். "அம்மா, ஒரு பழைய துணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வாசற்படியிலிருந்து மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஐயய்யோ, நீங்க எழுந்திருங்க தம்பி!" என்று பதறினார்கள் அந்த அம்மா.

"நான் பண்ணுனதும்மா. நானே தொடைக்கறேன்."

முதல் காலடி போகவில்லை. சுகிர்தம் உள்ளே போய்ப் புளியும் சாம்பலும் கொண்டுவந்தாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் தண்ணீர் ஊற்றினாள். "இங்க விட்டுட்டீங்க பாருங்க... சுண்டு விரல் இன்னும் கீது" என்று டீச்சர் குரலில் மேற்பார்வை வேறு. நாலாவது காலடியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாவதில் எனக்கும் வந்துவிட்டது. சர்ச்சில் அடக்கிக்கொண்டாளே, அதே சிரிப்பு. இப்போது அவள் அடக்கவில்லை.

அதற்குள் நனைந்த பிளானல் தன் குணத்தைக் காட்டிவிட்டது. எழுந்து நின்றபோது கால்சட்டை சுருங்கி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. கார்டு ஆசீர்வாதம் அதைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, வண்டி கிளம்புகிற விசில் மாதிரி நீளமான சிரிப்பு. உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடைய மல் வேட்டி ஒன்றும், மெல்லிய ஜிப்பா ஒன்றும் கொடுத்தார். கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் வந்து நின்றேன். எங்கிருந்தோ ஒரு காற்று வேட்டிக்குள் புகுந்து போயிற்று. ஆகா! அந்தக் கட்டுரை சொன்ன சில்லென்ற காற்று இதுதானா?

சுகிர்தம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப நல்லா கீறீங்க" என்றாள். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, "இவர வேணாம்னு சொல்ல மாட்டேம்பா" என்றாள்.

மற்ற இரண்டு பேரை ஏன் மறுத்தாள் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். முதலாமவர் ஒரு மணி நேரமும் தன்னைப் பற்றியே பேசினாராம். இரண்டாமவர் காப்பியைத் தரையில் கொட்டிவிட்டு, அது தன் காலடிக்கு ஓடி வரும் வரை, யாராவது வந்து துடைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

அன்று திரும்பும்போது என் பூட்ஸ் வாசலில் இல்லை. செவலை நாய் ஒன்றைத் தின்று முடித்துவிட்டு, இன்னொன்றை வேப்பமரத்தடியில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் பழைய செருப்பில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனி பிறந்ததும் என் மனைவி கேட்பாள், "இந்த வசந்தத்துக்கு இன்னா உடுத்தப் போறீங்க?" நான் மல் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொள்வேன்.

பதினொரு காலடியில் பத்துப் போய்விட்டது. வளையல் சத்தம் கேட்டு நான் நின்றேனே, அந்த இடத்து வலது கால் மட்டும் கடைசிவரை போகவில்லை. மாமியார் அதன் மேல் தண்ணீர்ப் பானையை வைத்து மறைத்திருந்தார்கள். மாமனாருக்கு மாற்றல் ஆகி வீட்டை ஒப்படைத்தபோது, பார்க்க வந்த அதிகாரி பானையை நகர்த்திப் பார்த்துவிட்டு, 'தரை நன்றாக இருக்கிறது. உள்வாசலருகே மனிதக் கால் ஒன்று. அழியாது' என்று எழுதிக்கொண்டு போனாராம்.

அந்த வீட்டுக்கு இப்போது வேறொரு கார்டு குடிவந்திருக்கிறார். சங்கதியைக் கேள்விப்பட்டவர். நாங்கள் ரயிலேறினால், அவர் வேலை பார்க்கிற வண்டியாக இருந்துவிட்டால் போதும். பிளாட்பாரத்தில் பச்சைக்கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கள் பெட்டி வரைக்கும் ஓடிவந்து கத்துவார்.

"சார்! உங்க கால் எங்க வூட்லதான் கீது! நல்லா கீது!"

பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் குனிந்து என் இரண்டு காலையும் எண்ணிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மனைவி மட்டும் வெளியே தலையை நீட்டிப் பதில் சொல்லாமல் விடமாட்டாள்.

"பத்திரமா பாத்துக்குங்க அண்ணே! மத்த ரெண்டையும் நான் பாத்துக்கறேன்!"