பண்ணையிலிருந்து நேரே வாணலிக்கு

முட்டையை விடுதலை செய்வதென்று முழக்கம் முடிவெடுத்தபோது அவர் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. வாய் நிறைய நுரை. ஆனாலும் தீர்மானம் தெளிவாகவே வெளியே வந்தது.

"இனிமே நம்ம தெருவுல ஒருத்தரும் அந்தக் கடையில முட்டை வாங்கக் கூடாது!"

விஷயம் இதுதான். அவர் மனைவி வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டை கெட்டுப்போயிருந்தது.

"ஒரு முட்டைக்கு எதுக்குங்க இவ்வளவு சத்தம்? கொண்டுபோய்ச் சொன்னா கடைக்காரர் மாத்திக் குடுத்துடுவார்."

"மாத்த வேண்டியது முட்டையை இல்ல, அமைப்பை!"

"முதல்ல வாயைக் கொப்புளிங்க. தரையெல்லாம் அமைப்பு."

முழக்கம் என்பது தெரு வைத்த பெயர். ஆலை வாசலில் கூட்டம் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். துண்டுப் பிரசுரம் படித்துப் படித்தே அறிவு சேர்த்தவர். அவர் முதுகில் விழுந்த தடியடியில் மேலே ஏறியவர்கள் இன்று காரில் போகிறார்கள். இவரைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆலையையும் மூடிவிட்டார்கள். ஓய்வூதியம் இல்லாமல்கூட மனிதன் காலம் தள்ளிவிடலாம், எதிரி இல்லாமல் எப்படித் தள்ளுவது? சாவதற்குள் இன்னும் ஒரே ஒரு கூட்டம் தன் பேச்சைக் கேட்டுக் கை தட்ட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

கொப்புளித்துவிட்டு வந்து விரலை மடக்கினார்.

"கோழி போடுது. பண்ணைக்காரன் பொறுக்கறான். மொத்த வியாபாரி அள்ளறான். கிடங்குல கிடக்குது. வண்டியில ஏறுது. கடையில குந்துது. அப்புறம்தான் நம்ம வாணலி. நடுவுல இத்தனை பேர் எதுக்கு? முட்டை போட்டது யாரு?"

"கோழி."

"சாப்பிடறது யாரு?"

"நீங்க. ரெண்டு ரெண்டா."

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டர் கிளம்பியது. பண்ணைக்காரர் மரியாதை தெரிந்தவர். "பெருசு தனி, சிறுசு தனின்னு பிரிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

முழக்கத்துக்கு ரத்தம் கொதித்தது. "முட்டையில என்னய்யா மேல் கீழ்? எல்லாம் ஒரே வழியாத்தானே வந்துது?"

ட்ரே ட்ரேயாக அடுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு சில முட்டைகள் போராட்டத்தில் வீழ்ந்தன. மிச்சத்தைக் குளியலறை வாளியில் போட்டுச் சோப்பு நுரை பொங்கத் தேய்த்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கழுவாதீங்க! ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். அது போச்சுன்னா சீக்கிரம் கெட்டுடும்."

"இதெல்லாம் முதலாளிங்க கிளப்பிவிட்ட கதை."

"நான் குளிக்கணுங்க."

"வரலாறு நடக்கும்போது குளியல் ஒரு கேடா?"

கழுவிய முட்டையை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் வரலாறு நாற ஆரம்பித்தது. தையற்காரர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து நின்றாள்.

"அண்ணே, எங்களுக்கு மட்டும் கோலிகுண்டு. எதிர்வீட்டுக்குக் கொழுத்த முட்டை. இதுக்காக நாங்க ரெண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்ல. கடைசியில பாத்தா ரெண்டு வீட்டு முட்டையும் அழுகல்."

சமத்துவம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிலைநாட்டப்பட்டது.

முழக்கம் உட்கார்ந்துவிட்டார். மனைவி காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தனி மனுஷரா எத்தனையத்தான் சுமப்பீங்க? துறை பிரிச்சுக்கலாம். பண்ணையிலிருந்து நம்ம வாசல் வரைக்கும் உங்க துறை. வாசல்லேருந்து வீடுவீடாக் குடுக்கறது என் துறை. நீங்க கழுவவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்."

பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நல்ல இயக்கத்துக்கு அழகு. அவர் ஒப்புக்கொண்டார்.

அதிசயம்! அதற்குப் பிறகு ஒரு புகார் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு முட்டை. ஒன்றில்கூட விரிசல் இல்லை, நாற்றம் இல்லை. தையற்காரர் வீடும் எதிர்வீடும் ராசியாகிவிட்டன. முழக்கம் தினமும் விடியலில் போய் வந்தார். நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமானது. ஞாயிறு மாலை தெருமுனையில் வெற்றி விழாக் கூட்டம் என்று அறிவித்தார். பேச்சாளர்: அவர். தலைமை: அவர். நன்றியுரையும் அவரே.

ஞாயிறு மத்தியானம், தோற்ற எதிரியைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கடைக்குப் போனார். முன்னால் யாரும் இல்லை. பின்னறைக் கதவைத் தள்ளினார். கும்மிருட்டு. நடுவில் ஒரு டார்ச் வெளிச்சம், அதன்மேல் ஒரு முட்டை, முட்டைக்குப் பின்னால் அவர் மனைவியின் முகம்.

"கதவைச் சாத்துங்க. வெளிச்சம் வந்தா முட்டைக்குள்ள இருக்கறது தெரியாது."

பக்கத்தில் கடைக்காரரும் அவர் மனைவியும் பெருசு, சிறுசு பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கியது எல்லாம் முழக்கம் காலையில் கொண்டுவந்த முட்டை.

"துரோகம்!" என்றார் முழக்கம்.

"மெதுவாப் பேசுங்க, கையில முட்டை இருக்கு" என்றாள் மனைவி. "நல்லது கெட்டது பாக்கணும், பிரிக்கணும், குளுமையா வைக்கணும். நம்ம வீட்டுல இடம் எங்க இருக்கு, குளியலறைதான் இருக்கு. அதான் நேரா இங்க குடுத்துடறேன். தெருவே இங்கதான் வாங்குது."

கடைக்காரர் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல வண்டிக்காரனை நிறுத்திட்டேன். அவன் இவ்வளவு சீக்கிரம் வரமாட்டான் தலைவரே. டீ வேற கேப்பான்."

ஆக, நடுவில் இருந்தவர்களில் ஒருவன் ஒழிந்தது உண்மை. அந்த இடத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை முழக்கம் இருட்டிலேயே புரிந்துகொண்டார். முதலாளிக்காக ஒரு துரும்பையும் கூடுதலாகத் தூக்கிப் போடாத கை அது!

"சாயங்காலம் கூட்டம்" என்றார். குரல் உடைந்தது. "நான் என்னத்தைப் பேசுவேன்?"

மனைவி டார்ச்சை அணைத்தாள். "எப்பவும் பேசறதையே பேசுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன். இவங்களும் திறக்கமாட்டாங்க. கொண்டுவந்து போடறது நீங்கன்னு தெருவுக்கு எதுக்குத் தெரியணும்?"

மாலையில் தெருமுனை நிரம்பி வழிந்தது. முழக்கம் பெஞ்சின் மேல் ஏறினார். பழைய ஆலை வாசல் நினைவுக்கு வந்து, தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"பண்ணைக்கும் வாணலிக்கும் நடுவே இன்று எவனும் இல்லை!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கடைக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். முழக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இத்தனை வருஷம்! கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, "மக்கள் தரப்பில் யாராவது ஒரு வார்த்தை பேசலாம்" என்று பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

தையற்காரர் மனைவி எழுந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்குக் கடைக்கு ரெண்டு ட்ரே சேத்தே கொண்டாந்து போடுங்க. இன்னைக்கு நான் போறதுக்குள்ள தீந்துபோச்சு."