மெயினை அணைத்தது சசி, மற்றதெல்லாம் நான்

நான் ஒருவன்மேல் பொய்ப்பழி சுமத்தியிருக்கிறேன். ஜாடைமாடையாக அல்ல, பெயர் சொல்லியே. அவன் சசி, எங்கள் ஊர் எலக்ட்ரீசியன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் முதல் பொய்யை ஊர் உடனே நம்பிவிடும் என்பதை எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு சிலருக்கு ரப்பர்த் தோட்டம், சிலருக்குச் சர்க்கரை நோய், எனக்கு லினக்ஸ். கம்ப்யூட்டரை இயக்கும் அமைப்பு அது; அதிலும் தயாராகக் கிடைப்பதை நிறுவிக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு நிரலையும் அதன் மூல வடிவில் இறக்கி, நானே தொகுத்து, ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டி எழுப்ப வேண்டும் என்று ஆசை. அதற்கென்று தலையணைக் கனத்தில் வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. அதை அச்செடுத்துத் துணி அட்டை போட்டு வைத்திருந்தேன். (வேதப்புத்தகத்துக்குக்கூட நான் அட்டை போட்டதில்லை.)

என் மனைவி லில்லி, தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். ஒருநாள் கேட்டாள்: "கடையில பொடி கிடைக்கும்ப, எதுக்கு வீட்டுல மிளகாய காயப்போடுதிய?"

"உள்ள என்ன கிடக்குண்ணு தெரியணும்லா."

"தெரிஞ்சு?"

நான் துணி அட்டையைத் திறந்து அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

என்னுடைய மடிக்கணினி கிழடு. எங்கள் கிறிஸ்தவ சபையின் அலுவலகம் மழைக்கு ஒழுகியதால் சபையின் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்தது; அதுவும் லினக்ஸில்தான் ஓடியது. அதில்தான் லில்லி, விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையன்று வெளியிடப்போகும் குடும்பக் கையேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சபையின் ஒவ்வொரு குடும்பமும், பெயர், பிறந்தநாள், ஞானஸ்நான நாள் சகிதம். இரண்டு மாத உழைப்பு, முடியும் தறுவாய். ஆனால் டிஸ்க்கில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. காலி நிலத்தைக் கண்டால் ஒரு மூடு மரச்சீனிக் கிழங்காவது நடாதவன் எங்கள் ஊரில் உண்டா? நட்டேன், அந்தப் பாதியில் என் லினக்ஸை. யாரிடமும் கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் தொல்லைதான். இரண்டு மணிநேரம் ஓடிவிட்டு ஏதோ ஒரு வரியில் பிழை என்று நின்றுவிடும். கம்ப்யூட்டரின் கடிகார பேட்டரி செத்துப்போனதால், அது தான் பல வருடம் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நான் இறக்கிய கோப்புகளை எல்லாம் 'எதிர்காலத்தவை' என்று நம்ப மறுத்தது. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தீர்த்தேன். ஒவ்வொரு தீர்வுக்கும் தலை ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

சம்பவம் நடந்த அன்று காலை சசி எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை மாற்ற வந்திருந்தான். வெளியிலிருந்து குரல் கொடுத்தான் (எங்கள் ஊரில் 'சார்' என்பது 'சாறு'): "சாறே, மெயின் ஆஃப் பண்ணப்போறேன். கம்ப்யூட்டர அணைச்சாச்சா?"

"ஆங்" என்றேன். திரையில் மூழ்கியிருந்ததால் என்ன கேட்டான் என்று மனதில் ஏறவில்லை. திரை இருண்டது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கட்டுகிற புதிய அமைப்பு எங்கே போய் இறங்க வேண்டும் என்ற முகவரியை நாம் முதலில் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். திரையில் நாம் கட்டளை தட்டும் ஜன்னல் மூடிப்போனால் அந்த முகவரியும் மறைந்துபோகும். புது ஜன்னலில் மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகவரி வெறுமை. வெறுமை என்றால் அது நாம் நிற்கிற தரையையே புது வீடு என்று எடுத்துக்கொள்ளும். இதை வழிகாட்டி நூல் பல இடங்களில் எச்சரிக்கிறது. நான் சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் புது ஜன்னலைத் திறந்தேன். முகவரி சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து கட்டளை இட்டேன். 'அனுமதி இல்லை' என்றது. அந்தப் பாவப்பட்ட இயந்திரம் என் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறது. நான் அதையும் தீர்க்க வேண்டிய ஒரு பிழை என்றே எண்ணி, முழு அதிகாரத்தோடு உள்ளே நுழைந்து அதே கட்டளையை மறுபடி இட்டேன். எல்லா நிரல்களும் உயிர் வாழ நம்பியிருக்கும் 'நூலகம்' என்ற பொதுக் கோப்புகளின்மேல், பாதி வெந்த என் நூலகம் போய் உட்கார்ந்தது. அதன்பின் எந்தக் கட்டளைக்கும் பதிலில்லை. அணைத்துப் போட்டேன். எழும்பவில்லை.

லில்லி வந்து நின்றாள். "என்ன ஆச்சு?"

"சசி மெயினத் தட்டினாம்லா. வோல்ட்டேஜ் ஏறி டிஸ்க் கருகிப்போச்சு."

புகை இல்லை, வாடை இல்லை. ஆனாலும் இயற்பியல் வாத்தியார் கருகியது என்றால் கருகியதுதான். மாலைக்குள் சபைக் கமிட்டிக்குச் செய்தி போயிற்று. செயலாளர் ஜெபமணி, என்னோடு படித்தவன், பண்டிகைக்கு விளக்குப் போட பாலராமபுரத்திலிருந்து வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த வேலையைச் சசியின் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் செய்துவந்தார்கள். பண்டிகை வேலை போனவனை வீட்டு வேலைக்கும் கூப்பிட ஊர் தயங்கியது.

லில்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, என் கிழட்டு மடிக்கணினியில் முதல் குடும்பத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.

இனி வருவதுதான் என் உண்மையான குற்றம். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தட்டியது அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தது. ஒரு பென்டிரைவைச் செருகி அதிலிருக்கும் வேறொரு லினக்ஸில் கிளப்பினால் அரைமணியில் எடுத்துவிடலாம். ஆனால் கருகிய டிஸ்க்கிலிருந்து கோப்பு வராதே! கோப்பை மீட்டால் என் பொய் சாகும். பொய் பிழைக்க வேண்டுமானால் அவள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பது நாள் தட்டவிட்டேன். பதிலுக்கு மணிக்கொரு தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"என்ன, இப்பம் இத்தன அன்பு?" என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் சசி, விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தான். "சாறே, அந்தப் பெட்டிய ஒண்ணு பாக்கட்டா?" என்றான். தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை. திறந்து, மீட்டரை அங்கங்கே வைத்துப் பார்த்தான்.

"எல்லாம் நல்லாட்டு உண்டு சாறே. கரிஞ்ச மணம் ஒண்ணும் இல்ல." பிறகு திருகாணியை முடுக்கியபடி தணிந்த குரலில், "நான் ஆருகிட்டயும் பறைய மாட்டேன். ஆனா சாறு எனக்குப் பத்தாங்கிளாஸ்ல கரண்டு பாடம் எடுத்ததாக்கும். அது தப்பாப்போச்சோண்ணு ஒம்பது நாளா ஒறக்கம் இல்ல."

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் லில்லியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விரல்கள் நின்றன.

"அப்பம் டிஸ்க்கு?"

"நல்லா இருக்கு."

"நான் மொதல்ல அடிச்ச பேரெல்லாம்?"

"உள்ள இருக்கு."

மடிக்கணினியை மூடினாள். பக்கத்தில் இருந்த தேநீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "ஆறிப்போச்சு. வேற ஒண்ணு போடுங்க" என்றாள். மூன்று நாள் என்னோடு அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான், அன்றே பென்டிரைவைச் செருகி அவள் கோப்பை மீட்டுக் கொடுத்தும்கூட.

ஞாயிறு ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில் எழுந்து, சபை முன்னால் சொன்னேன். முகவரி, ஜன்னல், நூலகம் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஜெபமணியின் குரல் வந்தது: "எலே, அதெல்லாம் வேண்டாம். செஞ்சது நீயா, சசியா?"

"நான்."

"இரி."

உட்கார்ந்தேன். பாலராமபுரத்து ஆளுக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியவில்லை. அந்த வருடப் பண்டிகைக்குச் சசி வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சாறு இரிக்கணும்" என்று நாற்காலி போட்டான். அவன் மனைவி உள்ளிருந்து வெளியே வரவே இல்லை. ஊர் அவனைப் பழையபடி கூப்பிட இன்னும் சில மாதம் பிடித்தது. ஒரு பேச்சில் நான் கெடுத்ததை, வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் சரிசெய்ய முடிந்தது.

மறுவருடம் கமிட்டி சசியை அழைத்தபோது, "வாறேன். ஆனா ஏணி பிடிக்க சாறு வரணும்" என்றானாம். போனேன். வருடாவருடம் போகிறேன்.

என் லினக்ஸ் கடைசியில், யாரோ கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரில் எழுந்து நின்றது. லில்லி கறுப்புத் திரையில் துடிக்கும் கோட்டைப் பார்த்து, "இதுக்காக்கும் இத்தன பாடு?" என்றாள். எங்கள் வீட்டில் மீன்குழம்பு அடிபிடித்தாலும், வெளியூரில் மகள் ரயிலைத் தவறவிட்டாலும், லில்லி சொல்லும் காரணம் ஒன்றே: "சசி மெயின அணச்சிட்டாம்."

போன பண்டிகையில், சாயங்காலம், வாழைக்குலை ஏலம் மும்முரமாக நடக்கும்போது விளக்குகள் மொத்தமாக அணைந்தன. இருட்டில் சபையார் கையிலிருந்த போன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, ஏணியின் அடியில் நின்ற என் முகத்தின்மேல் வந்து குவிந்தன.

மேலேயிருந்து சசி உரக்கக் கத்தினான்: "சாறே, இந்தத் தடவ சத்தியமாட்டு நானாக்கும்!"

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏணியை மட்டும் விடவில்லை.