சேவலுக்கு முடி முளைக்கும் வரை

எதையும் பாதி கற்றவனுக்குத்தான் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை அதிகம். நான் பாதிகூட இல்லை, கால்வாசி. அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு 1950-களின் கடைசியில் என் மாமனாருக்கு வாத்தியாராகப் போனேன். பலன், கல்யாணமான முதல் வருஷமே மூன்று மாதத்துக்கு மேல் பெண்டாட்டி இல்லாமல் கிடந்தேன்.

அப்போது திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் காதர் பாய். வண்டி மலையில் தங்கும் நாட்களில் விடிந்ததும் பாய் ஓடைக்கரைக்குப் போய்விடுவார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அவருக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இரண்டு தூண்டில்களையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தூண்டிலுக்குப் புழு கிடையாது. சேவலின் கழுத்து இறகை முள்ளில் நூலால் கட்டி, ஈ மாதிரி செய்து, சாட்டையை வீசுவதுபோல் வீசித் தண்ணீர்மேல் உட்காரவைக்க வேண்டும். நிஜ ஈ என்று நம்பி மீன் கவ்வும். (மீனை ஏமாற்றுவதற்கு இவ்வளவு படிப்பா என்று அன்று சிரித்தேன்.)

பாய் எனக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் பொறுமையை வேறு எவரிடமும் நான் பார்த்ததில்லை. நான் வீசிய முள் மூன்று தரம் அவர் சட்டையில் மாட்டியது, ஒரு தரம் காதில். "பரவால்ல தம்பி, நேத்தைக்கு இன்னைக்குக் கை நல்லா வருது" என்று காதைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து ஒரு தூண்டிலை எனக்கே கொடுத்தார். "எனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாரு. ஒனக்கு நான். நீ இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடு. அம்புட்டுதான் நான் கேக்குறது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த 'இன்னொருத்தர்' யார் என்பதை ஆடி மாதம்தான் முடிவு செய்தது. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். மாதம் முடியும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. என் பெண்டாட்டி செல்லத்தைப் பிறந்த ஊரான சேவுகம்பட்டிக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்ன மாப்ளே, ஆடியில?"

"ஒங்களுக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கலாம்னு வந்தேன் மாமா."

மாமனார் தக்காளித் தோட்டக்காரர். ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் வந்துவிட்டார். கண்மாய்க் கரையில் நான் பாயின் குரலிலேயே பேசிப் பார்த்தேன். பொறுமை மட்டும் வரவில்லை. "ஐயையே, மண்வெட்டியா பிடிக்கிறீங்க மாமா" என்று அதட்டினேன். வீசிக் காட்டுகிறேன் என்று நானே, கட்டி வைத்திருந்த நாலு ஈயையும் கரைக் கருவேல மரத்துக்குக் கொடுத்தேன்.

"செத்த நேரம் இருங்க, புதுசா கட்டிட்டு வாரேன்" என்று வீட்டுக்கு ஓடினேன். (ஈ கட்டவா ஓடினேன்? செல்லத்தைப் பார்க்கத்தான்.) அவள் அடுப்படியில் அம்மாவோடு இருந்தாள். அவள் வெளியே வரட்டும் என்று கொல்லையில் நின்றபோது, பஞ்சாரக்கூடைக்குள் ஒரு செஞ்சேவல் கண்ணில் பட்டது. கழுத்து தகதகவென்று மின்னியது. நாலு இறகு போதும் என்றுதான் ஆரம்பித்தேன். சேவல் போட்ட கூச்சலில் செல்லம் ஓடிவந்து வாசற்படியில் நின்றுவிட்டாள். அவள் முன்னால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் உற்சாகத்தில், கழுத்தைச் சுற்றி மொட்டையடித்துவிட்டேன்.

பின்னாலேயே மாமனார் வந்தார். சேவலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம்பொண்ணுக்கு நல்ல மாப்ள கெடைச்சாத் தர்றேன்னு கருப்பனுக்கு நேந்துவிட்ட சேவல் மாப்ளே இது."

நல்ல மாப்பிள்ளை கையில் இறகோடு நின்றேன்.

நேர்ந்துவிட்ட சேவலை மாற்றக் கூடாதாம். குறையுள்ளதையும் சாமிக்குக் கொடுக்கக் கூடாதாம். "முடி மொளைக்கட்டும். நேர்த்திக்கடன முடிச்சிட்டுத்தான் பொண்ண அனுப்புவேன்" என்றார். தூண்டிலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

ஆவணி வந்தது. செல்லத்திடமிருந்து கார்டு வந்தது: "சேவல் கழுத்தில் அரை அங்குலம்." புரட்டாசியிலும் அதே அரை அங்குலம். என்ன சேவல் இது என்று எனக்கு வயிறெரிந்தது. எனக்காகப் பேசுவதற்கு, லீவு நாளில் பாயைச் சேவுகம்பட்டிக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"ஒங்க மாமனாருக்கு என்ன கை தம்பி! நாலே வீச்சுல கெண்டை."

"என் விஷயம் பேசுனீங்களா பாய்?"

"அதுக்கு ஏது தம்பி நேரம்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் நான் சொல்லாமலே போனார். ஒரு நாளும் அதட்டாமல் மாமனாருக்குச் சொல்லிக்கொடுத்தார். பாய் கண்ணை மூடும்வரை இருவரும் அந்தக் கண்மாயை விடவில்லை. ஒரு தரம்கூட என்னைக் கூப்பிடவுமில்லை.

தலைதீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளைகள் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார்கள். நான் சேவலின் கழுத்தைப் பார்த்தேன். முழுசாக முளைத்திருந்தது. அந்த வாரமே பூசை முடிந்து, செல்லம் என்னோடு வந்தாள்.

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி அவள் முதல் ஆடிக்கு வந்திருந்தபோது செல்லம் இந்தக் கதையைச் சொன்னாள். முடிக்கும்போது சர்வ சாதாரணமாக ஒன்றைச் சேர்த்தாள்.

"முடியெல்லாம் ஆவணியிலயே மொளைச்சிருச்சு. நான்தான் புரட்டாசி வரைக்கும் அப்பப்ப ரெண்டு ரெண்டாப் புடுங்கிவிட்டேன்."

"எதுக்குடி?"

"இங்க வந்தா ஒங்கம்மா நாலு மணிக்கு எழுப்பிவிட்டுருவாங்க. அங்க தெனம் மீன் வெஞ்சனம். எவ வருவா?"

அன்றிலிருந்து ஆடிக்கு வரும் மகள் ஆவணியிலும் கிளம்புவதில்லை. எப்போது அனுப்புவீர்கள் என்று மருமகன் கடிதம் போடுவார். அம்மாவும் மகளும் சிரித்து உருள, "சேவலுக்கு இன்னும் முடி முளைக்கவில்லை" என்று பதில் எழுதிப் போடுவது நான்தான்.