சனி பிடித்த டிவிடி பிளேயர்

இலவசக் கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்து இறங்கிய காலம். டிவி வந்தால் டிவிடி பிளேயர் வேண்டும். பிளேயர் வந்தால் வீடு அதிர ஸ்பீக்கர் வேண்டும். தேனிக் கடைகளில் மலிவுப் பெட்டி, ஆனைவிலைப் பெட்டி, கம்ப்யூட்டரையே டிவியில் மாட்டுகிற ஏற்பாடு என்று குவிந்து கிடந்தன. இதில் எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டுமே! யோசனை நம் ஜனங்களின் உடம்புக்கு ஆகாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தேவதானப்பட்டியில் டிஜிட்டல் சித்தர் அவதரித்தார்.

முன்பெல்லாம் சாமியாரிடம் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது பிளேயரைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சித்தர் பெட்டியில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். உள்ளே எந்தக் கிரகம் குடியிருக்கிறது, வாங்கியவரின் நட்சத்திரத்துக்கு அது ஒத்துப்போகுமா என்று சொல்லுவார். ஒத்துப்போகாது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே செட், பக்கத்துக் கட்டடத்தில் அவருடைய மச்சான் கடையில்தான் இருந்தது. கிரகங்களுக்கு அந்த மச்சான்மேல் அப்படி ஒரு பாசம்.

கெங்குவார்பட்டி நாகராஜ் வாழை விவசாயி. மலிவாக ஒரு பிளேயர் வாங்கியிருந்தார். கீறல் விழுந்த சிடியைக்கூட அது முக்காமல் முனகாமல் ஓட்டியது. அதுவே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. இந்த விலைக்கு இவ்வளவு நன்றாக ஓடினால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கத்தானே வேண்டும்? சித்தரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கண்டச்சனி என்றார் சித்தர். வளர்பிறையில் மச்சான் கடைச் செட்டை வாங்கி மாட்ட வேண்டுமாம். அதன் சப் ஊஃபர் ஸ்பீக்கர் அக்கினி மூலையில்தான் உட்காருமாம். அந்த மூலையை இப்போதே காலி செய்து வைக்க வேண்டுமாம்.

அக்கினி மூலையில் இருந்தது நாகராஜின் மனைவி தேவயானியின் கேஸ் அடுப்பு. அது கொல்லை முருங்கை மரத்தடிக்குப் போனது. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டே இருந்த மாதம். ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்று அவள் சமைத்தாள். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போனது. சாரல் விழுந்து குழம்பு கொதிக்கக் கொதிக்கக் கூடியது. மரத்திலிருந்து கம்பளிப்பூச்சிகள் ருசி பார்க்க இறங்கின. உள்ளே, காலியான அடுப்படியில், இன்னும் வந்து சேராத சப் ஊஃபருக்கு நாகராஜ் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தேவயானிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செட் வந்துவிட்டால் அடுப்புக்கு ஆயுசுக்கும் மரத்தடிதான்.

கத்திப் பார்த்தாள். கேட்பாரில்லை. கடைசியில், வாங்குவதற்கு முன் தானும் ஒருதரம் சித்தரிடம் குறி கேட்க வேண்டும் என்றாள். பெண்டாட்டிக்கும் பக்தி வந்துவிட்டதென்று நாகராஜ் பூரித்துப்போனார். பரணில் ஒரு பழைய பிளேயர் கிடந்தது. இடி இறங்கிக் கருகி, உள்ளே இருந்ததையெல்லாம் மெக்கானிக் உருவிக்கொண்டு விட்ட வெறும் கூடு. அதைத் துடைத்து, மூடியைத் திருகி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நாகராஜ் துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. விலக்கிப் பார்க்கிற பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

சித்தர் பெட்டியில் காதை வைத்தார். கூட்டம் மூச்சை அடக்கியது.

“சனி லென்ஸ்மேல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். ராகு மோட்டாரச் சுத்தவிடாமப் புடிச்சிருக்கான்.”

“உள்ள இருக்கிறது அம்புட்டும் தெரியுதா சாமி?” என்று கேட்டாள் தேவயானி.

“கண்ணாடியில பாக்குற மாதிரி தெரியுது ஆத்தா.”

தேவயானி முந்தானையில் முடிந்திருந்த திருப்புளியை எடுத்தாள். சித்தர் கை நீட்டுவதற்குள் மூடி கழன்றது. உள்ளே லென்ஸ் இல்லை, மோட்டார் இல்லை. சாரலில் வேகாமல்போன இட்லிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

சித்தர் லேசுப்பட்ட ஆளா? கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பாத்தீகளா சனியோட வேலைய. லென்ஸ இட்லியா மாத்திப்புட்டான்.”

பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாகராஜ் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். தேவயானி நிதானமாகப் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்த் துவையல்.

“சரி சாமி, இட்லியா மாத்துனாரு. தொட்டுக்கத் துவையல அரைச்சு, இலையில மடிச்சு, நாரு போட்டுக் கட்டுனதும் அவருதானா?”

வரிசையின் கடைசியில் யாரோ சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் சித்தர் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கொல்லைப்பக்கம் போனவர் திரும்பவில்லை. மச்சான் கடை ஷட்டரும் இறங்கியது.

ஸ்பீக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சகாயராணி டீச்சர், அப்படியானால் எதைப் பார்த்துத்தான் வாங்குவது என்று தேவயானியிடம் கேட்டார்.

“நம்ம சிடி ஓடுதா, வயரு நம்ம டிவியில சேருதா, பழுதானா பாக்கப் பக்கத்துல ஆளிருக்கா. கடையிலயே போட்டுப் பாத்து வாங்குங்க டீச்சர். இதுல கிரகத்துக்கு என்ன சோலி?”

சித்தர் இப்போது குமுளிப் பக்கம் செல்போனுக்கு ஜாதகம் கணிக்கிறார் என்று கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் நாகராஜ் வெட்கத்தோடு அடுப்பைத் தூக்கினார். வாசற்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்று, சுவரில் காலண்டரைத் தேடினார். ராகு காலமாக இருந்தால் என்ன செய்வது, நல்ல நேரம் எப்போது என்று மெதுவாகக் கேட்டார்.

“பசிக்கிற நேரந்தான் நல்ல நேரம், உள்ள வைங்க,” என்றாள் தேவயானி. “பெட்டியத் திறந்து பாத்தீகள்ல, இனி உங்க தலையையும் கொஞ்சம் திறங்க. உள்ள இருக்கிறது இன்னும் ஓடுதான்னு பாப்போம்.”