அடுத்தவர் தூய்மைக்குக் காவலர்

அடுத்தவர் கையில் காசு படாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அந்த இனத்தவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும். தன் கையில் படும் காசைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது; அது வியாபாரம். அடுத்தவர் கையில் பட்டால்தான் அது கறை. பாடுகிறவர், ஆடுகிறவர், பந்தடிக்கிறவர் எல்லோரும் அன்புக்காக மட்டுமே அதைச் செய்யவேண்டும் என்று ஆசைப்படுவார். அந்த அன்பை ரசிக்க முன்வரிசையில் இடமும் பிடித்துவிடுவார்.

எங்கள் நெப்ராஸ்கா ஊரில் இந்த இனத்தின் தலைமகன் கெல்வின் ஹோக்ஸ்ட்ரா. நெடுஞ்சாலையோரம் பிக்கப் ட்ரக் விற்கிறார், காருக்குப் பதிலாக இங்கே பாதி ஊர் ஓட்டுவது. கல்லூரி வாலிபால் அரங்கில் நான்காவது வரிசை, நடைபாதையோர நாற்காலி அவருடையது. அதற்கு அடுத்தது, பதினோரு வருடமாக, என்னுடையது. நான் பல் வைத்தியன். அவருடைய கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு உறை போட்டவன் நான்தான். ஹோக்ஸ்ட்ரா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து எதுவும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்த ஒரே மனிதனும் நான்தான்.

எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். வசந்தத்தில் ஆற்றங்கரையில் வந்திறங்கும் கொக்குகளைப் பார்த்து யாரோ வைத்தது. ஆட்ட நாளன்று ஹோக்ஸ்ட்ரா சிவப்புக் கால்சட்டை, சிவப்புத் தோள்பட்டி, கொக்கு பின்னிய மெத்தை சகிதம் வந்து, மெத்தையை நாற்காலியில் போட்டு, அதை இரண்டு தட்டு தட்டி, தேசியகீதத்துக்கு எழுந்து நெஞ்சில் கை வைத்து, பாட்டு முடிந்தும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து, கலங்கிய குரலில் சொல்வார்: “பாருங்க டாக்டர். ஒரு சென்ட் வாங்காம ஆடுதுங்க. இதுதான் தூய்மை.”

அவருடைய கடை வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குக் காற்றடித்த கொக்கு நிற்கும். அணி ஜெயித்தால் மறுநாள் “கொக்கு தள்ளுபடி”. டிவி விளம்பரத்தில் அவரே எகிறிக் குதித்துப் பந்தை அடிப்பார். அவர் எகிறுவது தரையிலிருந்து நான்கு அங்குலம். மிச்சத்தைக் கேமராக்காரர் பார்த்துக்கொண்டார். பயிற்சியாளர் ஓட்டுவது ஹோக்ஸ்ட்ரா இலவசமாகக் கொடுத்த ட்ரக். அவர் போடும் ஷூவுக்கு ஒரு கம்பெனி பணம் தருகிறது. அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

“கோச்சுக்குக் குடும்பம் இருக்கே டாக்டர்.”

“அந்தப் பிள்ளைங்களுக்கு?”

“அவங்களுக்கு இலவசப் படிப்பு இருக்கு.”

மேற்கொண்டு கேட்டால் அந்தக்கால ஞாபகம் வந்துவிடும். எழுபதுகளில் இதே கல்லூரியின் கால்பந்து அணியில் இரண்டு வருடம் இருந்தவர் அவர். “எங்க காலத்துல ஒரு சாண்ட்விச்சுக்கு ஆடினோம்” என்பார். அவர் மனைவி ஆர்லீன் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: “அந்த சாண்ட்விச்சையும் பெஞ்சுல உக்காந்துதான் தின்னாரு.”

இப்படி இருந்த மனிதரின் வாழ்க்கையில் மாரின் கோவாரிக் வந்தாள்.

ஆறடி இரண்டங்குலம். முந்நூறு பேர் வாழும் ஒரு குக்கிராமத்துப் பெண். அம்மா அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அப்பா இல்லை. மாரின் எகிறினால் வலைக்கு மேலே இடுப்பு தெரியும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய்தான், ஆனால் எதிர் அணிக்காரிகளுக்கு அப்படித்தான் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எடை தூக்கல், எட்டுக்கு வகுப்பு, இரண்டிலிருந்து ஆறு வரை பந்து, பிறகு வீட்டுப்பாடம். வேறு வேலை பார்க்க நேரமுமில்லை, அனுமதியுமில்லை. அவள் பெயரும் பதினான்காம் எண்ணும் போட்ட சட்டை கல்லூரிக் கடையில் அறுபத்தைந்து டாலர். நானும் ஒன்று வாங்கினேன். அதில் அவளுக்கு எவ்வளவு போகும் என்று அப்போது நான் கேட்கவில்லை. எதுவும் போகாது.

இரண்டாம் வருடம், அக்டோபர் மாதம். எடை தூக்கிவிட்டு லவோன் அம்மாளின் ரொட்டிக்கடைக்குப் போயிருக்கிறாள். லவோன் சுடும் கொலாச்சி எங்கள் பக்கத்தில் பிரசித்தம்: உருண்டை பன், நடுவில் குழி, குழியில் பழக்கூழ். ஆப்ரிகாட் கொலாச்சியைக் கடித்துக்கொண்டே மாரின் ஏதோ சொல்ல, லவோன் அதை போனில் பிடித்துவிட்டார். “இதைத் தின்னுட்டு வந்தா வலைல என்னை எவளும் பிளாக் பண்ண முடியாது!” கன்னத்தில் பழக்கூழ், வாய் நிறைய பன், கண் நிறைய சிரிப்பு. இருபது நொடிதான். சனிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ரொட்டிக்கடை வரிசை தபால் ஆபீஸ் வரை போயிற்று. சந்தோஷம் தாங்காமல் லவோன் ஒரு டஜன் கொலாச்சியைப் பெட்டியில் போட்டு, “அணிப் பிள்ளைங்களோட பகிர்ந்துக்கோ கண்ணு” என்று கொடுத்தனுப்பினார்.

ஹோக்ஸ்ட்ரா அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். நான்காம் முறை போனை எடுத்தார், கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தைக் கூப்பிட.

விளையாட்டு வீராங்கனை தன் பெயரையோ முகத்தையோ வைத்து எதுவும் பெறக்கூடாது என்பது அன்றைய விதி. கொலாச்சியும் ‘எதுவும்’தான். மாரினுக்கு நான்கு ஆட்டம் தடை. அந்த டஜன் கொலாச்சியின் விலையான பதினெட்டு டாலரை ஏதாவது தர்மத்துக்குக் கட்டச் சொன்னார்கள். அவள் கட்டினாள். நான்காவது தடை ஆட்டம் லீக் இறுதிப்போட்டி. அவள் சாதாரண ஸ்வெட்டரில், பெஞ்சின் கோடியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொக்குகள் தோற்றன. ஐந்தாம் செட்டில் கடைசிப் பந்து அவள் நின்றிருக்கவேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

ஹோக்ஸ்ட்ரா அழுதார். உண்மையாகவே அழுதார். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, “இப்படி ஆயிடுச்சே டாக்டர்” என்றார். மறுநாள் உள்ளூர் வானொலியில் அதே குரலில், “போன் பண்ணினது நான்தான். சட்டம்னா சட்டம். என் சொந்தப் பொண்ணா இருந்தாலும் பண்ணியிருப்பேன்” என்றார். வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஆர்லீன் என் கிளினிக் வரவேற்பறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எங்களுக்கு ரெண்டும் பையனுங்க.”

அடுத்த வருடம் பெருந்தொற்று. அதற்கடுத்த வருடம் விதி மாறப்போகிறது, மாணவர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சு வந்தது. ஹோக்ஸ்ட்ரா கொதித்தெழுந்தார். பத்திரிகைக்கு ஆறு கடிதம் எழுதினார். வியாபாரிகள் சங்கத்தின் காலை விருந்தில் திரை கட்டிப் படம் போட்டு, பணம் உள்ளே வந்தால் விளையாட்டு எப்படிச் சாகும் என்று நாற்பது நிமிடம் விளக்கினார். திரையின் அடிமூலையில் அவர் கடையின் போன் நம்பர் இருந்தது.

ஜூலை முதல் தேதி விதி மாறியது. எட்டு நாள் துக்கம் காத்தார். ஒன்பதாம் நாள், நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கத்து ட்ரக் கடைக்காரர் கல்லூரி மாணவர் யாரையாவது விளம்பரத்துக்குப் பிடிக்கப் பார்க்கிறார் என்று சேதி வந்தது. துக்கம் அங்கேயே முடிந்தது.

நான் லவோன் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாரின் ஜன்னலோரம் புத்தகம் விரித்திருந்தாள். ஹோக்ஸ்ட்ரா உள்ளே வந்தார், கையில் ஒரு சிவப்பு ஜாக்கெட்டுடன்.

“மாரின் கண்ணு, உனக்குத்தான். அளவு சரியா இருக்கும்.”

“எதுக்கு சார்?”

“நம்ம கடை விளம்பரத்துல நீ வரணும். நீயும் நானும் சேர்ந்து எகிறுறோம். ஊரே பேசும்.”

மாரின் புத்தகத்தை மூடினாள். “எவ்ளோ தருவீங்க?”

ஹோக்ஸ்ட்ராவின் முகம் பார்க்கவேண்டியதாக இருந்தது. கோயிலில் யாரோ ஏப்பம் விட்டாற்போல. “காசா? கண்ணு, நாம எல்லாம் ஒரே கொக்குக் குடும்பம் இல்லையா?”

“குடும்பம்தான் சார். அதனாலதான் நீங்க என்னைப் பத்தி போன் பண்ணீங்க.”

மாவு பிசைந்துகொண்டிருந்த லவோன் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

“அது... அது கொள்கை.”

“சரி சார், கொள்கைல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.” அவள் குரல் உயரவே இல்லை, காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. “நாலு மேட்ச் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்த நாலு மேட்சுக்கும் நீங்க டிக்கெட் வாங்கி வந்திருந்தீங்க. நான் பார்த்தேன். இப்ப நேரா விஷயத்துக்கு வரேன். எங்கம்மா கார் மார்ச்சுல நின்னு போச்சு. நூத்தித் தொண்ணூறு மைல் தள்ளி இருக்காங்க. மூணு வருஷத்துல என் ஆட்டம் அஞ்சுதான் நேர்ல பார்த்திருக்காங்க. கோச் ஓட்டுற மாதிரி ஒரு ட்ரக் வேணும், அம்மா பேர்ல, ஒரு வருஷத்துக்கு. பெட்ரோல் உங்களோடது.”

“ட்ரக்கா! கோச்சுக்குக் குடும்பம் இருக்கும்மா...”

“எனக்கும் இருக்கு. இப்பதான் சொன்னேன்.”

ஹோக்ஸ்ட்ரா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். லவோன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து யாரிடமோ சொல்வதுபோல், “எதிர்க்கடைக்காரர் நேத்து வந்தாரு. ரெண்டு டஜன் வாங்கினாரு. பேச்சோட பேச்சா மாரின் நம்பர் கேட்டாரு” என்றார். அது உண்மையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தத்தை மாரினுடைய தோழியின் அக்கா, சட்டம் படிக்கிறவள், எழுதிக்கொடுத்தாள். ஹோக்ஸ்ட்ரா அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெண்பிள்ளைகள் எழுதியதில் என்ன இருந்துவிடப்போகிறது?

படப்பிடிப்பில் அவர் வசனத்தைப் பதினேழு தடவை தப்பாகச் சொன்னார். மாரின் தன்னுடையதை ஒரே தடவையில் முடித்துவிட்டு, கொலாச்சி தின்னப் போய்விட்டாள். அந்த மாதம் அவர் விற்ற ட்ரக்குகள் முந்தின மூன்று மாதத்துக்குச் சமம் என்று ஆர்லீன் சொன்னார். அதன் பிறகு நான்காவது வரிசையில் புதுப் பேச்சு கேட்டது. “நான் அப்பவே சொன்னேன் டாக்டர். இந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது கிடைக்கணும்னு மொதல்ல சொன்னவனே நான்தான்.” நான் நாக்கால் என் பல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாரினின் அம்மா செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். குட்டையான பெண்மணி, பேருந்து ஓட்டி ஓட்டி உரத்துப்போன குரல். மகள் ஸ்மாஷ் அடிக்கும்போதெல்லாம் “உக்காருங்கடி!” என்று எதிரணியைப் பார்த்துக் கத்துவார். அந்த இரண்டு மாதம் மாரின் ஆடியதை நான் என்ன சொல்ல? தன் அம்மா பார்க்கிறார் என்று தெரிந்த ஒரு பெண் ஆடுகிற ஆட்டம் அது.

நவம்பரில், அடித்துவிட்டுக் கீழே இறங்குகையில், வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. அந்தச் சத்தம் நான்காவது வரிசைக்குக் கேட்டது. எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. அம்மா நாற்காலிகளைத் தாண்டி, பாதுகாவலர் கையைத் தட்டிவிட்டு, மைதானத்துக்குள் போய் மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதோடு மாரினின் ஆட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை ஹோக்ஸ்ட்ரா கடை வாசலில் விளம்பரத்துக்கு வைத்திருந்த அவளுடைய ஆளுயர அட்டை உருவம் காணாமல் போனது. செவ்வாய்க்கிழமை என் நாற்காலிக்கு வந்தவர், நான் ஊசி போடுவதற்கு முன்னால் அவசரமாகச் சொன்னார்: “பார்த்தீங்களா டாக்டர்? காசு உள்ள வந்துச்சு, ஆட்டம் போச்சு. நான் சொல்லல?”

“முழங்காலுக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் கெல்வின்?”

“மனசு சிதறிடுச்சு டாக்டர். தூய்மை இருந்தா கால் திரும்பாது.”

அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஊசியாக எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

ட்ரக்கைத் திரும்பக் கேட்டு ஹோக்ஸ்ட்ரா மாரினின் அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். அந்த அம்மாள் ஒப்பந்தத்தின் ஏழாவது வரியை, பேருந்தில் பிள்ளைகளை அதட்டும் குரலில், முழுசாக வாசித்துக் காட்டினார்: ஆடினாலும் ஆடாவிட்டாலும், அடுத்த ஜூலை வரை. அறுவை சிகிச்சைக்கும் பிறகு வாரம் இரண்டு முறை முழங்கால் பயிற்சிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தது அந்த ட்ரக்கில்தான். எங்கள் கொக்குகளுக்காக அத்தனை வருடம் எகிறியதற்கு, படிப்பு போக, அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வருட ட்ரக்தான். மாரின் இப்போது லிங்கன் நகரில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாளாம்.

ஹோக்ஸ்ட்ராவுக்கு என்ன குறை? கல்லூரியை விட்டுவிட்டு இப்போது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் தூய்மையைக் காக்கப் புறப்பட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்டுவிடுகிறேன். போன வருடம் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு, நன்றாகப் படம் எடுப்பானே அந்த நண்பர் மகன், அவனைக் கூப்பிட்டு, “கேமரா உன்கிட்டதான் இருக்கே தம்பி, சும்மா ஒரு நாள் வந்து நாலு படம் எடு” என்றீர்கள் இல்லையா? அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தொகை சொன்னான். நீங்களும் சிரித்துக்கொண்டே கொடுத்தீர்கள். பிறகு காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, “முன்னெல்லாம் அந்தப் பையன் இப்படி இல்ல...” என்று ஒரு குரல் சொன்னதே.

அது யார் குரல்?