சராசரி வேகம்

மொன்றியலில் பனி கரைந்து, தெருவோரப் புல்லில் ஆறு மாதக் குப்பை தலைகாட்டத் தொடங்கும் வாரத்தில் இன்னொன்றும் வெளியே வரும். அதற்கு இரண்டு சக்கரம், ஒரு தலைக்கவசம், தவளைக் கண்போல ஒரு கறுப்புக் கண்ணாடி, வயிற்றை மறைக்காமல் வரைந்து காட்டும் மஞ்சள் சட்டை, அந்தச் சட்டை முழுக்க அதைப் போட்டிருப்பவர் வாசலைக்கூட மிதித்திராத இத்தாலிய வங்கிகளின் பெயர்கள். பாவம், உடம்பைப் பேணுகிற மனிதர் என்று நினைத்து நீங்கள் கையசைத்துவிடுவீர்கள். அசைக்காதீர்கள். நிற்பார். நின்று, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பதை நிரூபித்துவிட்டுத்தான் போவார்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தார். பெயர் ஞானேந்திரன், வயது ஐம்பத்துமூன்று. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மற்றவர்கள் செய்ததில் பிழை பிடிக்க அங்கே சம்பளம் கொடுத்தார்கள். மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதையே அவர் இலவசமாகச் செய்தார்.

அவருடைய சைக்கிள் கராஜுக்குள் இருந்தது. கார் வெளியே பனியில் கிடந்தது. பெப்ரவரி மாதக் காலைகளில் மனைவி அக்னெஸ் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்க, உள்ளே ஹீற்றருக்குப் பக்கத்தில், பழைய கம்பளி போர்த்தி, சைக்கிள் சுகமாக உறங்கியது. சைக்கிளின் பாரத்தைக் குறைப்பது அவருக்கு ஒரு தவம். அக்னெஸ் கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் திருகாணிகளை நிறுத்தார், பெடலை நிறுத்தார், திறப்புக் கோர்வையில் தொங்கிய, பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்தோப்பரின் பதக்கத்தையும் நிறுத்து, பதினொரு கிராம் என்று கண்டு, புனிதரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். வயிறு மட்டும் தராசில் ஏறவில்லை. அதற்குத் தராசு சிறிது.

பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணன் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்து படுத்திருந்தபோது, பழங்களோடு பார்க்கப் போன ஞானேந்திரன், சைக்கிளின் ஆசனத்தை இரண்டு சென்றிமீற்றர் உயர்த்தியிருந்தால் இந்த வெட்டுக்கொத்தே வந்திராது என்று முக்கால் மணிநேரம் விளக்கினார். பாலகிருஷ்ணனிடம் சைக்கிளே கிடையாது. அவர் மாடிப்படியில் வழுக்கியவர்.

யோசெப்பிடம் சைக்கிள் இருந்தது. அதுதான் வினை.

யோசெப் ஞானேந்திரனின் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். மன்னார்க்காரர், நாற்பத்தாறு வயது, களஞ்சியம் ஒன்றில் சாமான் அடுக்கும் வேலை. இரண்டு பஸ் மாறிப் போவதைவிடக் கெதியாய்ப் போகலாம் என்பதால் ஒன்பது கிலோமீற்றரும் தினம் சைக்கிளில் போய்வந்தார். நவம்பர் மழையிலும் போனார். தான் செய்வது ஒரு விளையாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் சைக்கிளில் ஏறுவதைக் கண்ட ஞானேந்திரன் கையை நீட்டி மறித்தார்.

“யோசெப், நீர் மிதிக்கிறீர்.”

“ஓம் அண்ணை.”

“மிதிக்கக்கூடாது. சுத்தவேணும். கால் வட்டமாய்ப் போகவேணும். மிதிக்கிறது மாட்டு வேலை.”

யோசெப்புக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. அதற்குப் பிறகு அவரது ஞாயிற்றுக்கிழமைகள் ஞானேந்திரனுடையவை ஆயின. லஷீன் கால்வாயோரம் முன்னால் யோசெப் சுற்றிக்கொண்டு போக, பின்னால் ஞானேந்திரன் திருத்திக்கொண்டு வந்தார். பின்னால் வருவது திருத்துவதற்காக என்றுதான் சொன்னார். எதிர்க்காற்று முன்னால் போகிறவருக்குத்தான் அடிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டு யோசெப் ஒன்பது வருடங்களாகக் காணாத தங்கை அஞ்சலீனாவைப் பார்க்க இரண்டு கிழமை லீவு எடுத்தார். அஞ்சலீனா பிரான்சின் தெற்கில், செவென் மலைகளின் அடிவாரத்தில் அலெஸ் என்ற ஊரில் கணவனோடு இருந்தாள். அவருக்குத் தங்கையின் கையால் சாப்பிட்டுவிட்டு அவளோடு சும்மா இருந்து கதைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஞானேந்திரன் உலகப் படத்தை விரித்தார். மறுகிழமை அவருக்கும் அக்னெஸுக்கும் விமானச் சீட்டு வந்துவிட்டது. தங்கை வீட்டில் எத்தனை அறை என்று பிறகுதான் கேட்டார். இரண்டு. யோசெப் கூடத்தில் படுத்தார்.

அந்த மலைத் தெருக்களை ஞானேந்திரன் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் செஸ்நட் மரங்கள், கீழே எங்கோ ஆற்றின் சத்தம், வளைவுக்கு வளைவு கல்வீடுகள் நாலைந்து. “ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கார்கூட வராது” என்று விமானத்தில் மூன்று தரம் சொன்னார். யோசெப் ஒவ்வொரு தரமும் நல்லது அண்ணை என்றார்.

ஜூலை மாதம், பிரான்ஸ் முழுவதும் வெயில் கொளுத்திய கிழமை. பதினைந்து கிலோமீற்றர் ஏற்றம். அக்னெஸும் அஞ்சலீனாவும் சாப்பாட்டோடு காரில் முன்கூட்டியே உச்சிக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் அக்னெஸ் ஆளுக்கொரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, மாறிப் போகாமலிருக்க யோசெப்பின் போத்தலில் மட்டும் பெயர் எழுதி ஒட்டினாள். ஞானேந்திரன் தன் போத்தலில் பாதியைப் பூமரத்துக்கு ஊற்றினார். பாரம் குறையவேணும். பிறகு கைபிடியில் பூட்டிய வேகமானியை அழுத்தினார். சக்கரம் நின்றாலும் அதில் நேரம் ஓடும்படி அவரே மாற்றி வைத்திருந்தார். நிற்கிறவன் அதற்கான தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

யோசெப் தங்கை கணவனின் பழைய சைக்கிளில், தன்பாட்டில் மிதித்தபடி, முதல் மூன்று கிலோமீற்றரில் நூறு மீற்றர் முன்னால் போய்விட்டார். இது ஞானேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, மிதிப்பதாகக் குற்றம் சாட்டி, சின்னக் கியரில் போட்டு வேகமாகச் சுற்றும்படி உத்தரவிட்டார். யோசெப் சுற்றினார். ஐந்தாம் கிலோமீற்றரில் ஞானேந்திரனின் தண்ணீர் முடிந்தது. ஒரு மிடறு தாரும் என்று யோசெப்பின் போத்தலை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, உமக்கு ஏன் இந்தப் பாரம், நான் கொண்டுவாறன் என்று பெருந்தன்மையோடு தன் சைக்கிளில் செருகிக்கொண்டார்.

ஒன்பதாம் கிலோமீற்றரில் யோசெப் இறங்கி, தெருவோரக் கல்லில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் வியர்வை இல்லை. தலை சுற்றுது அண்ணை என்றார். அவருடைய போத்தலை ஞானேந்திரன் ஏழாம் கிலோமீற்றரிலேயே குடித்து முடித்திருந்தார்.

ஞானேந்திரன் கெட்டவர் அல்லர். அவர் ஒரு காலை ஊன்றி நின்று யோசெப்பைப் பார்த்தார். பிறகு வேகமானியைப் பார்த்தார். சராசரி வேகம் மணிக்கு 10.2 கிலோமீற்றர் என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க 10.1 ஆயிற்று. பத்துக்குக் கீழே போன சராசரியோடு மொன்றியலுக்குத் திரும்புவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு யாருக்கு அது தெரியவரும்? ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவரே சொல்லாமல் இருக்கமாட்டாரே.

“நீர் ஆறுதலாய் இரும். நான் மேல போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்,” என்றார். சொல்லும்போது அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

உச்சிக்கு வந்ததும் கணவாயின் பெயர்ப்பலகையைப் பிடித்தபடி நின்று, படம் எடு என்றார். அக்னெஸ் எடுத்தாள். படத்தில் வயிறு தெரிந்துவிட்டதென்று இரண்டாவது, கண் மூடிவிட்டதென்று மூன்றாவது. யோசெப் எங்கே என்று அஞ்சலீனா கேட்டாள். பின்னால வாறார் என்றார். தண்ணீர் விஷயம் அவருக்கு நினைவில் இருந்தது. நாலாவது படம் முடியச் சொல்வோம் என்றிருந்தார். அந்த நாலாவது படத்தைக் குறிபார்த்தபோதுதான் அக்னெஸ் கமராவைக் கீழே இறக்கினாள். அவருடைய சைக்கிளில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் அவள் கையெழுத்து இருந்தது.

அஞ்சலீனா காரை எடுத்தாள்.

ஆறு கிலோமீற்றர் கீழே, அந்தக் கல்லுக்குப் பக்கத்து மரத்தடியில் யோசெப் சரிந்து கிடந்தார். எந்தக் காரும் வரவில்லை. ஆடு தேடி அந்தப் பக்கம் வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி அவர் சட்டையைக் கழற்றி, தன் தலைத்துணியை நனைத்து நெஞ்சில் போட்டிருந்தாள். அவர் தமிழில் என்னவோ உளறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு சேலைன் ஏறியது. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதை அஞ்சலீனா மொழிபெயர்க்கும்போது குரல் உடைந்தது.

ஞானேந்திரன் கட்டிலருகே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், பாதி வழி வரைக்கும் போனார். ஆனால் வாய் தனக்குப் பழகிய வழியில் திரும்பிவிட்டது. காலையில் கொஞ்சம் உப்புச் சேர்த்திருக்க வேண்டும், தொப்பியும் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

யோசெப் தலையணையில் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“மிதிச்சிருந்தா வந்து சேந்திருப்பன் அண்ணை,” என்றார்.

ஒக்டோபரில் பங்கு மண்டபத்தில் ஞானேந்திரன் திரை கட்டிப் படம் காட்டினார். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ரோல்ஸும் தேநீரும் என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம். வரைபடம், சாய்வு வீதம், பெயர்ப்பலகைப் படங்கள் மூன்று. கணினியில் படம் மாற்றும் வேலை அக்னெஸுக்கு. கடைசி வரிசையில் யோசெப் தேநீரோடு இருந்தார்; கூப்பிட்டால் வராமலிருக்க அவருக்குத் தெரியாது. ஏற்றத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் ஞானேந்திரன் குரலைத் தாழ்த்தி, எங்களில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டார், தயார்படுத்தல் போதாது, அவரை நான் குறைசொல்லவில்லை என்றார். சில தலைகள் பின்னால் திரும்பின. யோசெப் கோப்பைக்குள் பார்த்தார்.

அக்னெஸ் அடுத்த படத்துக்கு மாற்றவில்லை. இருந்த இடத்திலிருந்தே, சபைக்குக் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“யோசெப்பின்ர தண்ணிப் போத்தல் இவரிட்ட இருந்தது. இவர் குடிச்சவர்.”

மண்டபத்தில் ரோல்ஸ் கடிக்கும் சத்தமும் நின்றது. ஞானேந்திரன் மனைவியைப் பார்த்தார். காது சிவந்தது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. அந்த நேரத்தில் அவர் ஒரு மனிதராகக் கீழே இறங்கிவந்திருக்கலாம். இறங்கப் பார்த்ததும் உண்மை. “யோசெப்” என்று அவர் தொடங்கியது முன்வரிசைக்குக் கேட்டது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அதைத்தான் சொல்ல வந்தனான். மலை ஏறேக்கை ஆளுக்கு இரண்டு போத்தல் கட்டாயம்.”

முன்வரிசையில் இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

யோசெப் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். யாருடைய பேச்சின் நடுவிலும் அவர் அப்படி எழுந்து போனது அதுவே முதல் தடவை. அக்னெஸும் கணினியை மூடிவிட்டு அவர் பின்னால் போனாள். திரை வெறும் நீலமானது. ஞானேந்திரன் அந்த நீலத்தைச் சுட்டிக்காட்டியபடி டயர்க் காற்றைப் பற்றி இன்னும் இருபது நிமிடம் பேசினார்.

நல்லது, இப்படிப்பட்டவரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஆனாலும் ஒரு கேள்வி. யோசெப் அந்தக் கல்லில் உட்கார்ந்தபோது, விடியற்காலையிலேயே புறப்பட்டிருக்க வேண்டும் இவர், வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம், போத்தலைக் கொடுக்காமலாவது இருந்திருக்கலாம் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் அந்தப் பிழைகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் மரத்தடியில் விழுந்து கிடந்தார்.