வேணாம் பாயும் பதினாறு கோரும்

கடைக்கு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியே கடை நடத்துகிற மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் சிவகாசியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ‘வேணாம் பாய்’ என்றால் போதும், ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கம்ப்யூட்டர் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் தொழில். இதில் விற்பது என்பது போர்டில் எழுதியிருப்பதோடு சரி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் எண்ணிக்கை பார்த்து வாங்கித்தான் பழக்கம். வாணவெடி என்றால் முப்பது ஷாட்டா, அறுபதா, நூற்றிருபதா என்பார்கள். சரவெடி என்றால் ஆயிரம் வாலாவா, பத்தாயிரம் வாலாவா என்பார்கள். எண் பெரிதானால் சரக்கு பெரிது, வாங்குகிறவனும் பெரிய ஆள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே வாயால் “எத்தன கோர்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கோர் என்றால் கம்ப்யூட்டரின் மூளைக்குள் தனித்தனியாக வேலை பார்க்கிற ஆள் மாதிரி. நாலு கோர் என்றால் மூஞ்சியைச் சுளிப்பார்கள்.

ஒருநாள் ஆமத்தூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா மூன்று சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார்.

“பதினாறு கோர் போட்டது ஒண்ணு குடுங்க பாய். மாப்பிள்ளைக்குச் சீர் வைக்கணும்.”

“மாப்பிள்ளை என்ன பண்றாக?”

“உரக்கடை வச்சிருக்காக.”

“கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுவாக?”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், “சினிமா பார்ப்பாக. அப்பப்ப சீட்டு வெளையாடுவாக” என்றார்.

“அதுக்குப் பதினாறு வேணாம். ஒத்தத் தீக்குச்சியக் கிழிக்கப் பதினாறு பேரா கூடி நிப்பீக? நாலு போதும். மிச்சத்துக்கு நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடுங்க. மாப்பிள்ளைக்கு முதுகு வலிக்காம இருக்கும்.”

“எங்க கௌரவம் என்னாகுறது பாய்?”

“பெட்டிக்குள்ள இருக்கிற கௌரவத்த எவன் திறந்து பார்க்கப் போறான்?”

கோபித்துக்கொண்டு எழுந்தவர்கள் நேராக எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் ஷோரூமுக்குள் போனார்கள். அந்த ஷோரூம்காரர் வேணாம் பாய்க்கு மாதச் சம்பளமே கொடுக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை. கொடுத்தாலும் அதையும் வேணாம் என்றிருப்பார்.

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் மட்டும் அவரை மடக்கப் பார்த்தார். அவரிடம் பாய் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார்.

“பத்தாயிரம் வாலாவுக்குத் திரி எத்தன சார்? ஒண்ணு. முன்னால இருக்கிறது வெடிச்சாத்தான் பின்னால இருக்கிறது வெடிக்கும். சுத்தி நிக்கிற ஆளக் கூட்டுனா சீக்கிரம் முடியுமா?”

“நடுவுல நாலு இடத்துல வெட்டி, ஒரே நேரத்துல பத்த வச்சா முடியுமே பாய்!”

பாய் தாடியைத் தடவினார். தோற்றுப்போனார் என்று கடையில் நின்ற நாங்கள் நினைத்தோம்.

“முடியும் சார். அப்படி வெட்டி வைக்கத் தோதான வேலையா உங்க வேலை? வீட்ல என்ன பண்றீக?”

“கரண்ட் பில் கட்டுவேன். பேரனோட வீடியோல பேசுவேன்.”

“ஒரு பேரன்தானே?”

“ஒண்ணுதான்.”

“அப்ப நாலு கோரே சாஸ்தி.”

அதற்காக அவரைக் கஞ்சன், பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற தம்பி ஒருவர் வந்தபோது, அவர் வாய் திறக்கும் முன்பே பெரியதை எடுத்து வைத்தார். “இவுக வேலை பல ரூம்ல ஒரே நேரம் ஓடுற பாக்டரி மாதிரி. இவுகளுக்கு எம்புட்டு இருந்தாலும் தகும்” என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பட்டாசுப் பெட்டிக்கு மேலே சிரிக்கிற குழந்தை, பறக்கிற மயில், உறுமுகிற புலி எல்லாம் ஒட்டியிருக்கும் இல்லையா, அந்த லேபிள்களை டிசைன் செய்வது என் தொழில். பதினோரு வருஷம் ஒரு அச்சகத்தில் செய்தேன். புலி என்னுடையது, பேர் முதலாளியுடையது. பிறகு துணிந்து வேலையை விட்டுவிட்டு வீட்டு ஹால் மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். அது ஒரு மயிலுக்குத் தோகை வைப்பதற்குள் நிஜ மயில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும்.

நான் பாயிடம் போய்ப் பதினாறு கோர் கேட்டேன்.

“வேணாம் தாயி. நான் ஒருதரம் வந்து வீட்டப் பார்க்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “கம்ப்யூட்டர் கேட்டா வீட்டப் பார்க்கணுங்கிறீக. பொண்ணு பார்க்கவா வாரீக?” என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று எதிர்க் கடைக்குப் போனேன். பதினாறு கோரை வாங்கி, பாய் பார்க்கும்படியாகவே ஆட்டோவில் ஏற்றினேன். பங்குனியில் வாங்கிய அது வேலையில் பறந்தது. தேவையே இல்லாமல் அவர் கடை வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஆடியில் சீசன் சூடுபிடித்த நேரம், சாத்தூர் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் என்னைத் தேடி ஆர்டர் கொடுத்தார். இருபத்து நாலு பெட்டிக்கு டிசைன், என் சொந்தப் பேரில் வந்த முதல் ஆர்டர். கொடுக்கும்போதே, “வீட்ல இருந்து பார்க்கிற பொம்பளைக இழுத்தடிப்பாகன்னு சொல்றாக. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா டவுன் அச்சகத்துக்கே குடுத்துருவேன்” என்றார். புதன்கிழமை காலையில் பதினாறு கோர் படுத்துவிட்டது. ஒரு நிறம் மாற்றினால் ஒரு டீ குடித்து வரலாம். அப்புறம் தானாகவே அணைந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டால், “மேடம், இப்ப இருபத்து நாலு கோர் வந்திருக்கு” என்கிறான் படுபாவி. இந்த ஆர்டர் போனால் மறுபடி அந்த அச்சகத்துக்கே போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாய் கடைக்குப் போனேன். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, ஹாலைப் பார்த்தார். என் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வழக்கம்போல் தாளைக் கிழித்துப் பசை தடவிப் பட்டாசுக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் விழுந்த இடமெல்லாம் காகிதத் தூசி மிதந்தது.

“ஆத்தா, புதுப் பசைப் பிரஷ் ஒண்ணு குடுங்க” என்று என் மாமியாரிடம் வாங்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஃபேனையே காணோம். அது இருந்த இடத்தில் ஒரு தலையணைக்குத் தேறும் அளவு காகிதத் தூசி பஞ்சாய் அடைந்திருந்தது.

“சூடு ஏறுனா இது தானா வேகத்தக் கொறச்சுக்கும் தாயி. சித்திரை வெயில்ல நம்ம மட்டும் ஓடவா செய்றோம்? கோர் பதினாறும் மூச்சு முட்டிக் கெடக்கு.”

துடைத்து மாட்டினார், பறந்தது. அதோடு விட்டாரா? பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் இறக்கி, அதிலிருந்த தலையணையையும் எடுத்து, பையிலிருந்து சின்ன மெமரி ஒன்றைச் செருகி, அதே மயிலைத் திறந்து காட்டினார். பழசுக்கும் புதுசுக்கும் ஒரு தும்மல் நேரம்தான் வித்தியாசம்.

“இத அன்னைக்கே சொல்லக் கூடாதா பாய்?”

“வீட்டப் பார்க்கணும்னேன். பொண்ணு பார்க்கவான்னு கேட்டீக.”

என் மாமியார் சிரித்த சிரிப்பில் குழாய்கள் உருண்டோடின.

பாய் சிரிக்கவில்லை. ஹாலை ஒட்டி, கதவில்லாமல் இருந்த சின்ன அறையை எட்டிப் பார்த்தார். அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் என் கணவர் அன்று லீவு. அவரைக் கூப்பிட்டு, “அது என்ன?” என்று கேட்டார்.

“என் பைக் பாய்.”

“ஓடுமா?”

“இவ கல்யாணமாகி வந்ததுலருந்து ஓடல” என்றார் மாமியார்.

“ஓடாத பைக்குக்கு ஒரு ரூம். ஓடி ஓடி உழைக்கிற புள்ளைக்கு மூலையா? அந்த ரூம் இவுகளுக்கு வேணும். அதுக்கு ஒரு கதவு வேணும்.”

“கதவு எதுக்கு பாய்? ஒரு ஸ்கிரீன் துணி போட்டா...”

“வேணாம். கதவு.”

எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. பதினாறு கோர் கேட்கத் தெரிந்த எனக்கு, என் வீட்டிலேயே ஒரு அறை கேட்கத் தோன்றியதில்லை. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஹாலில் அதை யாரும் சந்தேகப்படவும் இல்லை.

இரண்டு கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றி வேலை பார்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் இருபத்து நாலையும் கொடுத்தேன். கம்பெனிக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரை அங்கேயே சொன்னார். பைக் பழைய இரும்புக்குப் போனது. என் கணவர் மூன்று நாள் துக்கம் காத்தார். நாலாவது நாள் அவரே ஆசாரியைக் கூட்டிவந்து கதவு மாட்டினார்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு மாமியார் காபியோடு வருவார். கணவர் சட்டையைத் தேடிக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுப் பூனைகூட முட்டித் தள்ளிக்கொண்டு வரும். மாதம் ஒருதரம் தூசி பார்க்க வருகிற வேணாம் பாய் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “தாயி, உள்ள வரலாமா?” என்று வெளியே நிற்பார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்து போவேன். இன்னொரு தரம் தட்டட்டுமே.